ரப்பர் பால் மரத்தின் இரத்தமல்ல

மக்ளே,

போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு சோலி பார்ப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. தேர்வில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுத வேண்டும். இத்தனை வருஷமாக நான் எழுதியதெல்லாம் ரப்பர் பால் கணக்கும் ரேஷன் கடைக் கையெழுத்தும்தான். இரண்டு பக்கம் எழுதினால் பெருவிரல் கடுக்கிறது. உனக்கு எழுதினால் பழக்கமும் ஆகும்.

"இந்த வயசுல பத்தாங்கிளாஸ் எதுக்கும்மா" என்று கேட்டாய். கோபம் இல்லை. போன வருஷம் ஒரு அலுவலகத்தில் விண்ணப்பம் நிரப்பியவர் என் படிப்பைக் கேட்டார். ஒன்பதில் நின்றேன் என்றேன். அவர் "ஒன்பதாம் வகுப்பு தோல்வி" என்று எழுதிவிட்டார். நான் தோற்கவில்லை மக்ளே. உன் அம்மாச்சி கிடப்பில் விழுந்தாள், ரப்பர் மரத்தில் பால் வெட்ட ஆள் வேண்டும் என்றார்கள், நான் போனேன். தோற்பதும் நிற்பதும் ஒன்றா? அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்துதான் வாய் வந்தது.

தமிழும் சமூக அறிவியலும் பரவாயில்லை. கணக்கை மாதா பார்த்துக்கொள்ளட்டும். அறிவியலுக்குத்தான் தனித்தேர்வர்கள் செய்முறைப் பயிற்சிக்குப் போயே ஆக வேண்டும். அதற்கு 25 மார்க், எழுத்துத் தேர்வுக்கு 75. வகுப்பில் எல்லாம் மீசை அரும்பின பையன்கள். டீச்சர் என்னைவிடச் சின்னவள், என்னை "அக்கா" என்கிறாள். முதல் நாள் "செல் என்றால் என்ன?" என்று கேட்டதும் ஒரு பையன் பைக்குள்ளிருந்து போனை எடுத்துக் காட்டினான். நானும் சிரித்துவிட்டேன்.

அப்புறம் வெங்காயத் தோலை உரித்து, சிவப்புச் சாயம் ஒரு துளி விட்டு, நுண்ணோக்கியில் வைத்தாள். நான் முதலில் பார்த்தது என் கண்ணிமை மயிரை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, செங்கல் அடுக்கின சுவர் மாதிரி வரி வரியாக. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு புள்ளி, அதுதான் உட்கரு. 1665இல் ராபர்ட் ஹூக் என்பவர் தக்கையைச் சீவிப் பார்த்து, சின்னச் சின்ன அறைகளாகத் தெரிந்ததால் செல் என்று பேர் வைத்தாராம். தக்கை என்பது ஒரு மரத்தின் பட்டை. அவர் பார்த்தது உயிர் போன, உள்ளே ஒன்றுமில்லாத வெறும் சுவர்கள்தான். பட்டை என்றதும் எனக்குக் காது விடைத்தது. பட்டையில்தானே மக்ளே என் பிழைப்பு.

எழுந்து கேட்டேன். "டீச்சர், ரப்பர் மரத்துப் பட்டைக்குள்ள பால் எங்க இருக்கு?" அவளுக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. மறைக்காமல் அதைச் சொன்னாள், எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அடுத்த வாரம் கல்லூரிப் புத்தகம் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

இத்தனை நாளும் பால் என்பது மரத்தின் இரத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். உன் அப்பாவும் அப்படித்தான் சொல்வார், "மரத்துக்க ரெத்தத்த ஊத்தி நம்ம ரெத்தம் ஓடுது" என்று, வசனம் மாதிரி. அது தப்பு. இரத்தம் சுற்றி வரும், பால் சுற்றாது. வேர் உறிஞ்சும் தண்ணீர், பட்டைக்கு உள்ளே இருக்கும் தடியில் சைலம் என்ற குழாய் வழியாக மேலே போகிறது. இலை சமைத்த சர்க்கரை பட்டைக்குள் இருக்கும் புளோயம் வழியாக வேண்டிய இடத்துக்குப் போகிறது. பாலுக்கு இது இரண்டும் இல்லாமல் தனிக் குழாய். வரிசையாக இருக்கும் செல்களின் நடுச்சுவர்கள் கரைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, வலை போலக் குழாயாகிவிடுமாம். அந்தச் செல்களுக்குள் நிறைந்திருக்கிற கூழ், சைட்டோபிளாசம் என்கிறார்கள், அதுதான் நாம் சிரட்டையில் பிடிக்கிற பால். உட்கரு பெரும்பாலும் குழாய் ஓரத்தில் ஒட்டி உள்ளேயே நின்றுவிடும். அதனால்தான் செல் சாகாமல் அடுத்த வெட்டுக்குள் மறுபடியும் பால் ஊறுகிறது.

இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆயிற்று. இருபத்தேழு வருஷமாக உயிருள்ள செல்லைத் திறந்து அதன் உள்ளிருப்பை வாளியில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். ஒரு நாளும் தெரியாது. ஆனால் கைக்குத் தெரிந்திருக்கிறது. விடியுமுன் போனால்தான் பால் உண்டு, ஏன்? ராத்திரி இலை தண்ணீரை வெளியே விடுவது குறைவு, செல்லெல்லாம் தண்ணீர் குடித்து விம்மி நிற்கும், கீறினால் பீறிடும். வெயில் ஏறினால் அழுத்தம் இறங்கிவிடும். இடது மேலிருந்து வலது கீழே சரித்து வெட்டச் சொன்னார்கள், ஏன்? அந்தக் குழாய்கள் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன, அப்படி வெட்டினால்தான் கூடுதல் குழாய் அறுபடும். தடியைத் தொட்டுவிடாதே என்று உன் தாத்தா என் தலையில் குட்டுவாரே, அதுவும் இதுதான். பட்டைக்கும் தடிக்கும் நடுவில் கேம்பியம் என்று மெல்லிசாக ஒரு அடுக்கு. புதுப் பட்டையை வளர்ப்பது அது. அதில் கத்தி பட்டால் அங்கே பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வரும். தாத்தாவுக்குக் கேம்பியம் என்ற வார்த்தை தெரியாது. குட்டத் தெரிந்தது.

பாடத்தில் அட்டையும் உண்டு. ஒரு முழுப் பாடத்தில் முயலோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள், பாவம் முயல். புத்தகத்தில் இருப்பது குளத்து அட்டை, நம் எஸ்டேட்டில் மழைக்குக் காலில் ஏறுவது கரை அட்டை. உடம்பில் 33 கண்டம், முன்னும் பின்னும் ஒட்டுறிஞ்சி, மூன்று தாடை. எச்சிலில் ஹிருடின் என்ற பொருள் இருப்பதால் இரத்தம் உறையாமல் ஓடிக்கொண்டே இருக்குமாம். கரை அட்டையின் எச்சிலிலும் இரத்தத்தை உறைய விடாத சரக்கு உண்டு. அட்டை விழுந்த பிறகும் கால் சொட்டிக்கொண்டே இருப்பதும் நாம் புகையிலையைப் பிய்த்து வைப்பதும் இதனால்தான். நீ ஆஸ்பத்திரியில் ஊசிக் குழாய் அடையாமல் இருக்க ஹெப்பாரின் போடுவதாகச் சொன்னாயே, சரக்கு வேறு, வேலை அதே வேலை என்று நான் நினைக்கிறேன். தப்பென்றால் சொல்.

அட்டை மேல் உப்பைப் போட்டால் சுருண்டு விழும். அதற்கும் பேர் இருக்கிறது, சவ்வூடு பரவல். செல்லின் சவ்வு வழியாகத் தண்ணீர் உப்பு கூடுதலாக இருக்கும் பக்கம் ஓடிவிடும். கருவாட்டுக்கு உப்புப் போட்டதும் மீன் தண்ணீர் விடுகிறதே, அதுவேதான். இந்த உப்பை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வருகிறேன்.

செரிமானம் ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறதாம். நான் நின்றது அதற்கு முன்னால். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் புத்தகம் வாங்கிப் படித்தேன். படிக்கும்போதே செய்தும் பார்த்தேன். அவித்த மரச்சீனியை, புத்தகத்தில் மரவள்ளிக்கிழங்கு என்கிறார்களே அதை, மீன்கறி தொடாமல் ஒரு துண்டு வாயில் போட்டு விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தேன். சும்மா இனிப்பு வந்தது மக்ளே. எச்சிலில் உள்ள அமைலேஸ் ஸ்டார்ச்சை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கிறது. உன் அப்பா வெட்டுக்காயத்துக்கு வைத்திருக்கும் அயோடின் மருந்தைக் கிழங்கில் ஒரு சொட்டு விட்டேன், கருநீலமாயிற்று. அது ஸ்டார்ச்சுக்கு அடையாளம். அவர் மருந்தை வீணாக்குகிறேன் என்று கத்தினார். கத்தட்டும்.

மரச்சீனி அவித்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்று அம்மாச்சி சொல்வதற்கும் இப்போதுதான் அர்த்தம் தெரிகிறது. அந்தக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. சயனைடு உள்ளே போனால் பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்லால் அதைப் பயன்படுத்த முடியாது. இவ்வளவு விஷயமுள்ள கிழங்கை 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் முழுக்கப் பரப்பினாராம். நம் குமரியும் அப்போது அங்கேதானே.

சிறுகுடல் ஆறு மீட்டர் இருக்கும். என் சேலை ஐந்தரை. ஒரு சேலையைவிட நீளமானதைச் சுருட்டி வயிற்றுக்குள் வைத்திருக்கிறோம். உள்பக்கம் தேங்காய்ப்பூத் துண்டு மாதிரி, எங்கும் குடலுறிஞ்சிகள். கல்லீரல் அனுப்பும் பித்தநீரில், அமைலேஸ் மாதிரி சாப்பாட்டை உடைக்கும் நொதியே கிடையாது. எண்ணெய்ச் சட்டியில் சோப்பு செய்வதைத்தான் அது செய்கிறது, கொழுப்பைச் சின்னத் துளிகளாக்கிக் கொடுக்கிறது. பெருங்குடலைப் படித்தேன், எழுதும்படி ஒன்றுமில்லை.

இருதயத்துக்கு வருகிறேன். படம் வரைந்தால் நமக்கு இடப்பக்கம் இருப்பதுதான் இருதயத்துக்கு வலது என்பது எத்தனை தடவை படித்தாலும் குழப்பம். ஞாயிற்றுக்கிழமை குலசேகரம் சந்தைக்குப் போய் ஆட்டு இருதயம் முழுசாக வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். இறைச்சிக் கடைக்காரர் யாருக்கு என்ன சுகக்கேடு என்று விசாரித்தார். பரீட்சை என்றேன். காசு குறைத்துக்கொண்டார்.

வீட்டில் பலகையில் வைத்துப் பிளந்தேன். ஒரு பக்கச் சுவர் என் பெருவிரல் தடிமன், மறுபக்கம் அதில் பாதிகூட இல்லை. தடித்தது இடது வென்ட்ரிக்கிள், அதாவது இடது கீழறை, உடம்பு முழுக்கத் தள்ள வேண்டியது. மெலிந்தது வலது, பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு அனுப்பினால் போதும். தொட்டுப் பார்த்த பிறகு இடது வலது இனி மறக்காது. வால்வுகளைப் பிடித்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக நூல் போல இருந்தது. ஆரல்வாய்மொழிக் காற்றில் குடை மலர்ந்துபோகுமே, அந்த மாதிரி வால்வு பின்பக்கம் மலர்ந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பது அந்த நூல்கள்தான். பார்த்து முடித்து, நல்லமிளகு போட்டுப் பிரட்டிவிட்டேன்.

இரத்தம் உடம்பில் சுற்றி வருகிறது என்பதை 1628இல் வில்லியம் ஹார்வி என்ற மருத்துவர் கணக்குப் போட்டுத்தான் காட்டியிருக்கிறார். அதுவரை, சாப்பாடு கல்லீரலில் இரத்தமாகி, உடம்பில் போய்த் தீர்ந்துவிடும் என்று நம்பினார்கள். நானும் இன்றைய அளவில் போட்டேன். ஒரு துடிப்புக்கு 70 மில்லி, நிமிஷத்துக்கு 72 துடிப்பு, ஐந்து லிட்டர். மணிக்கு 300 லிட்டர். அவ்வளவு இரத்தம் உண்டாக யார் அவ்வளவு சாப்பிட முடியும்? உடம்பில் இருப்பதே சுமார் ஐந்து லிட்டர். அப்படியானால் அதேதான் திரும்பித் திரும்பி வர வேண்டும். பால் கணக்கு எழுதுகிற எவளுக்கும் இது புரியும். ஆனால் இருதயத்திலிருந்து கொண்டுபோகும் தமனியிலிருந்து, திரும்பக் கொண்டுவரும் சிரைக்கு எந்த வழியாகப் போகிறது என்பதை அவர் பார்க்கவில்லை. அவர் 1657இல் இறந்துபோனார். நாலு வருஷம் கழித்து மால்பிஜி என்பவர் தவளையின் நுரையீரலில், இரண்டையும் இணைக்கும் நுண்நாளங்களைப் பார்த்தார். எனக்கு அந்த நாலு வருஷம் சங்கடமாக இருக்கிறது.

ஹார்வி செய்த கைச் சோதனையை உன் அப்பா கையில் செய்தேன். மேல்கையில் துண்டைக் கட்டினால் சிரை புடைக்கும், நடுவில் நடுவில் முடிச்சு மாதிரி நிற்கும். அது வால்வு. ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் இருதயப் பக்கமாக அடுத்த முடிச்சைத் தாண்டி வழித்துவிட்டால் அந்த இடம் காலியாகும், மேலிருந்து இரத்தம் திரும்பி வராது. விரலை எடுத்தால் கீழிருந்து நிறையும்.

துண்டைக் கட்டியபோதுதான் கேட்டேன், மாத்திரை சாப்பிட்டீர்களா என்று. முழித்தார். மக்ளே, உன்னிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அப்பா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேனே, அது அவர் சொன்னது, நான் பார்த்ததில்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் மாத்திரை மாதாமாதம் வீட்டுக்கே வருகிறது. அலமாரியில் அட்டை அட்டையாக இருந்தது. இது வேறு அட்டை. மறுநாள் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்ததில் 160க்கு 100. பாடத்தில் 120க்கு 80 என்று போட்டிருப்பதை அவர் கண்முன்னே காட்டினேன். உப்பு எங்கே கூடுதலோ தண்ணீர் அங்கே போகும், இரத்தத்தில் உப்பு கூடினால் தண்ணீரும் தங்கும், குழாய் அதே குழாய், அழுத்தம் ஏறும் என்றேன். அட்டையையும் கருவாட்டையும் சொன்னதும்தான் அவருக்குப் பிடிபட்டது. இப்போது கருவாடு ஞாயிற்றுக்கிழமை மட்டும். மாத்திரையை என் முன்னால் விழுங்குகிறார், நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்கிறேன்.

உன் காலை நினைத்தும் கவலை. கால் சிரையிலும் வால்வுதான். இரத்தத்தை மேலே தள்ள ஆடுதசை சுருங்க வேண்டும், நடந்தால் சுருங்கும், ஒரே இடத்தில் நின்றால் சுருங்காது. நீ பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறாய். எனக்கு முழங்காலுக்குக் கீழே நீலமாகச் சுருண்டு கிடக்கிறதே, வால்வு தளர்ந்தால் அப்படித்தான் ஆகுமாம். நர்சுக்கு நான் பாடம் எடுக்கிறேன் என்று சிரிக்காதே. டியூட்டி முடிந்து வந்தால் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுக்கிறாயா? கணுக்காலில் காலுறை தடம் பதிகிறதா? போட்டோ எடுத்து அனுப்பு.

தேர்வுக்கு முந்தின நாள் கூப்பிடாதே, உன் குரல் கேட்டால் படித்தது மறந்துபோகும். அறிவியல் முடிந்த அன்று சாயங்காலம் கூப்பிடு. சக்கை வத்தல் பொரித்து வைத்திருக்கிறேன், உன் கூட வேலை செய்யும் பிள்ளை ஊருக்கு வந்து திரும்பும்போது கொடுத்து விடுகிறேன். உப்பு குறைத்துத்தான் போட்டேன்.

அன்புடன்
அம்மா