தார்பாயை மேலே ஒரு அடி விட்டுக் கட்டு

சிங்கப்பூர்,
மார்கழி முதல் வாரம்.

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலம். அம்மாவின் மூட்டுவலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு வருகிற ஆள் கிடைத்ததும் கொடுத்தனுப்புகிறேன்.

மகளிர் குழுக் கடனில் 50 நாட்டுக்கோழிக் குஞ்சு எடுக்கப்போகிறாய் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. கொட்டகையின் நாலு பக்கமும் கூரைவரை தார்பாய் போட்டு, காற்று புகாதபடி இறுக்கிக் கட்டியாகிவிட்டது என்றும் சொன்னார். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஏற்காட்டு மார்கழிக் குளிரை நினைத்துத்தான் செய்திருப்பீர்கள். ஆனாலும் இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் பாதி காதில் விழும், பாதி சிக்னலோடு போய்விடும். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு மாப்பிள்ளையிடமும் கொடு.

சிங்கப்பூரில் உனக்கு ஏது கோழி என்று கேட்பாய். இங்கே முக்கால்வாசிப் பேர் வீவக என்கிற அரசு அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். வீவக வீட்டில் கோழி வளர்க்க அனுமதி கிடையாது. தரைவீட்டுக்காரர்கள் மட்டும் 10 வரைக்கும் வளர்க்கலாம், அதுவும் விற்பனைக்கு இல்லை. பறவைக் காய்ச்சல் பயத்தால், வெளிப் பறவை உள்ளே வராதபடி வலை அடித்த கூண்டு இருக்க வேண்டும். எங்கள் கம்பெனி தோட்ட வேலை பார்க்கிற வீடுகளில் ஒன்று சிலேத்தார் பக்கம் இருக்கிறது. அங்கே ஒரு தமிழ்ப் பெரியவரும் பாட்டிம்மாவும் கோழி வைத்திருக்கிறார்கள். பெரியவர் சின்ன வயதில் கம்பத்தில், அதாவது இந்த ஊர்க் கிராமத்தில், அத்தாப்பு என்கிற ஓலைக் கூரை வீட்டில் வளர்ந்தவர். வீடு மாறினாலும் கோழியை விட மனசு வரவில்லை என்பார். புல் வெட்டி முடித்துக் கூண்டைக் கழுவும்போது அவர் பேசிக்கொண்டே இருப்பார், நான் கேட்டுக்கொண்டே வேலை செய்வேன்.

கூண்டில் இல்லாத கோழிகளும் இங்கே உண்டு. அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே புல்வெளியில் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு பெட்டைகள் மேய்வதைப் பல இடங்களில் பார்க்கலாம். புலாவ் உபின் தீவில் காட்டுக்கோழியே இருக்கிறது, நம் வீட்டுக் கோழிக்கெல்லாம் மூதாதை அதுதான். 2017-ல் சின் மிங் பக்கம் சேவல் கூவுகிற சத்தம் தாங்கவில்லை என்று புகார் போய் 24 கோழிகளைக் கொன்றுவிட்டார்கள். அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று ஊர் முழுக்கப் பேச்சு நடந்ததாம். இவ்வளவு நெருக்கமான ஊரில் கோழிக்காகப் பரிந்து பேச இத்தனை பேர் இருந்தார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

சரி, குளிருக்கு வருகிறேன். இங்கே குளிர்காலம் என்று ஒன்று இல்லை. பகலில் 31, 32 டிகிரி, ராத்திரி 24, 25. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள் கணக்கில் விடாமல் கொட்டும்போது மட்டும் 22, 23-க்கு இறங்கும். 2018 ஜனவரியில் 21-ஐத் தொட்டதை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு இது குளிரே இல்லை. ஆனால் பொரித்த குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும். அதன் உடம்பில் இருப்பது வெறும் பஞ்சு, இறகு இல்லை. அந்தக் கணக்கில் சிங்கப்பூரும் குஞ்சுக்குக் குளிர் ஊர்தான். மழை வாரத்தில் அடைக்கோழி கைவிட்ட குஞ்சுகளை இங்கேயும் பெட்டியில் வைத்துச் சூடு கொடுத்துத்தான் காப்பாற்றுகிறார்கள்.

அப்படிக் காப்பாற்றுகிறபோது பெரியவர் எதற்கு அதிகம் பயப்படுகிறார் தெரியுமா? ஈரத்துக்கு. காற்று நேராகக் குஞ்சின் மேல் அடிப்பதும், காலடியில் ஈரம் நிற்பதும்தான் குஞ்சைக் கொல்லும், வெறும் குளிர் அடுத்தபடிதான் என்பார். நானும் கண்ணால் பார்த்துவிட்டேன். சாரலில் நனைந்த குஞ்சு 24 டிகிரியிலேயே விறைத்துப்போகிறது. காய்ந்த படுக்கையில் பல்புக்குக் கீழே கிடக்கிற குஞ்சு எந்த மழையிலும் தீனி கொத்துகிறது.

இப்போது உன் கொட்டகையை நினைத்துப் பார். கோழி மூச்சு விடும்போது நிறைய ஈரத்தை வெளியே விடுகிறது, எச்சத்திலும் ஈரம். நாலு பக்கமும் கூரைவரை அடைத்தால் அந்த ஈரத்துக்குப் போக வழியில்லை. ராத்திரி தகரக் கூரை சில்லிட்டதும் அடியில் முத்து முத்தாகக் கோத்து, விடியற்காலையில் தரையில் பரப்பிய உமி மேலேயே சொட்டும். நனைந்த உமியும் எச்சமும் சேர்ந்தால் கண்ணைக் கரிக்கிற அந்த வாடை கிளம்பும். அது அம்மோனியா. குஞ்சின் கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரித்துவிடும், சளி பிடிக்கும். ரத்தக் கழிச்சல் கிருமியும் ஈர உமியில்தான் பெருகும். குளிருக்கு என்று அடைத்தது நோய்க்குக் கதவு திறந்தது மாதிரி ஆகிவிடும்.

அதனால் தார்பாயைக் கீழிருந்து மேலே கட்டுங்கள். குஞ்சு நிற்கிற உயரத்தில் ஒரு பொத்தல்கூட இருக்கக் கூடாது, ஆனால் கூரைக்கு அடியில் ஒரு அடி திறந்தே இருக்கட்டும், முக்கியமாகக் காற்று அடிக்காத பக்கத்தில். சூடான ஈரக் காற்று மேலே ஏறி அந்த வழியாகப் போய்விடும். வெயில் வந்ததும் முழுதாக இறக்கிவிடு. காலையில் உள்ளே குனிந்து குஞ்சு உயரத்தில் மூச்சை இழுத்துப் பார். வாடை அடித்தால் அன்றைக்கே ஈர உமியை அள்ளி மாற்று.

சூட்டுக்குக் கொட்டகை முழுவதையும் சூடாக்க வேண்டியதே இல்லை. அட்டையை ஒன்றரை அடி உயரத்துக்கு வளைத்து, நாலடி அகலத்தில் வட்டமாகத் தடுப்புப் போடு. சதுரமாக வேண்டாம், மூலை இருந்தால் குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் இருப்பது நசுங்கிச் செத்துவிடும். உள்ளே இரண்டு அங்குலம் காய்ந்த உமி, முதல் சில நாள் அதன்மேல் செய்தித்தாள். குளிர்காலத்தில் குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்கு, 50 குஞ்சுக்கு 100 வாட். ஒரே பல்பாகப் போடாமல் 60 வாட்டில் இரண்டு தொங்கவிடு. நடுராத்திரி ஒன்று பியூஸ் போனாலும் இன்னொன்று இருக்கும். எல்இடி பல்பு வாங்கி ஏமாந்துவிடாதே, அதில் வெளிச்சம்தான் வரும், சூடு வராது. பழைய குண்டு பல்புதான் வேண்டும். வாரத்துக்கு மூன்று டிகிரி குறைகிற மாதிரி பல்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்து. இறகு மூடுவதற்கு ஐந்தாறு வாரம் ஆகும், ஏற்காட்டில் அதுவரை ராத்திரிச் சூட்டை நிறுத்தாதே.

தெர்மாமீட்டர் இல்லையே என்று கவலைப்படாதே. குஞ்சு படுத்திருப்பதைப் பார்த்தாலே போதும். பல்புக்கு அடியில் அப்பிக்கொண்டு கத்தினால் சூடு பத்தவில்லை. தள்ளிப்போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்தில் எங்கேயோ காற்று நுழைகிறது, போய்ப் பார். பரவலாகப் படுத்துத் தூங்கினால் நீயும் போய்த் தூங்கலாம்.

கரண்ட் போனால் வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றி நடுவில் வை, மேலே ஒரு சாக்கு போடு. கரி அடுப்பை மட்டும் உள்ளே கொண்டுபோகாதே, அதில் கண்ணுக்குத் தெரியாமல் வருகிற நச்சுக் காற்று குஞ்சை மட்டும் அல்ல, பக்கத்தில் தூங்குகிற ஆளையும் கொன்றுவிடும். மாப்பிள்ளை காவலுக்கு உள்ளே படுப்பார் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

குஞ்சு வந்து இறங்கியதும் முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் கருப்பட்டி கலந்து. அப்புறம்தான் தீனி. தண்ணீர்த் தட்டைச் செங்கல் மேல் வை, உமி நனையாது. 7-ம் நாள் வெள்ளைக் கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு மருந்து உண்டு. மற்ற ஊசிகளுக்குக் கால்நடை மருந்தகத்தில் அட்டை வாங்கி எழுதிவைத்துக்கொள். பிப்ரவரியில் கழிச்சல் தடுப்பூசி முகாம் போடுவார்கள், தவறவிடாதே.

அம்மாவின் பழைய கோழிகள் முட்டையைக் குறைத்துவிட்டன என்றாயே, அது நோய் இல்லை. மார்கழியில் பகல் குறுகிவிடுகிறது. நன்றாக முட்டையிட 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும், நம் ஊரில் இப்போது பதினொன்றரை மணிதான். விடியற்காலையில் ஒரு விளக்குப் போட்டால் கூடும். ஆனால் அம்மாவின் கோழிகளுக்கு வயதாகிவிட்டது, ஓய்வு எடுக்கட்டும் என்பேன். அவற்றுக்கு பல்புச் சூடும் தேவையில்லை, இறகு இருக்கிறது. ராத்திரித் தீனியில் ஒரு கை மக்காச்சோளம் சேர்த்துப் போடு, அது போதும். புதுக் குஞ்சுகளை மட்டும் அவற்றோடு விடாதே, பெரிய கோழி வெளியே தெரியாமல் சுமக்கிற நோய் குஞ்சைத் தாக்கும்.

சம்பளம் வந்ததும் பணம் அனுப்புகிறேன். அதில் உமிக்கும் பல்புக்கும் எடுத்துக்கொள், கடன் தவணைக்கு இந்த மாதம் அதைத் தொட வேண்டாம், தவணைக்குத் தனியாகத் தருகிறேன். தார்பாயை மாற்றிக் கட்டியதும் ஒரு போட்டோ அனுப்பு. குஞ்சு வந்த அன்று ராத்திரி பத்து மணிக்கு மேல் வீடியோவில் கூப்பிடு. இங்கே பன்னிரண்டரை ஆகியிருக்கும், பரவாயில்லை, விழித்திருப்பேன். எப்படிப் படுத்திருக்கின்றன என்று நானே பார்த்துவிடுகிறேன்.

பாப்பாவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணன்