கல்விப் பக்கத்தில் ஆங்கில வாசிப்புக்கு அரைப் பக்கம் வேண்டும்

பத்திரிகை ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் ஆங்கில பாடத்துக்கென ஒதுக்கப்படும் இடம் பெரும்பாலும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள்களாலும் அவற்றின் விடைகளாலும் நிரம்பியிருப்பதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். அவை வேண்டாமென்று சொல்ல வரவில்லை. ரியூசனுக்குக் கொடுக்கப் பணமில்லாத வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைத்துப் படிப்பதை வன்னியில் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆயினும் வினாத்தாள் செய்து பழகிய பிள்ளை வினாத்தாள் செய்யவே பழகுகிறது. ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தைத் தானாக எடுத்து வாசிக்க அது பழகுவதில்லை. ஆகவே, வாரத்தில் ஒரு நாளாவது அந்தப் பக்கத்தின் பாதியை, எங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே அறிந்தும் விரும்பியும் இருக்கின்ற பண்பாடு, பொழுதுபோக்கு, தொடர்பாடல் ஆகிய விடயங்களைப் பற்றிய எளிய ஆங்கில வாசிப்புக்கு ஒதுக்கித் தருமாறு கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற பின்னும் அயலிலுள்ள சில பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அவர்களுள் பத்தாம் தரத்தில் படிக்கும் ஒருத்தி, லண்டன் நகரின் நிலக்கீழ் ரயிலைப் பற்றிய பந்தியொன்றின் இடைவெளிகளைப் பிழையே இல்லாமல் நிரப்பிக்கொண்டு வந்தாள். அந்த ரயில் எங்கே ஓடுகிறது என்று கேட்டேன். "தெரியாது சேர், பெட்டிக்குள்ள கிடந்த சொல்லுகளைப் பொருத்தினனான்" என்றாள். இன்னொரு நாள், முந்தைய இரவு அவள் வீட்டார் எல்லோரும் இருந்து பார்த்த கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றிய ஆங்கிலச் செய்தியைக் கொடுத்தேன். யார் எப்படி ஆட்டமிழந்தார், எந்த ஓவரில் வெற்றி கைமாறியது என்பதெல்லாம் அவளுக்கு முன்பே தெரியும். ஆதலால் தெரியாத சொல் வந்த இடங்களில் அவள் திகைத்து நிற்கவில்லை, ஊகித்துக்கொண்டு மேலே போனாள். முடிவில், பிடி நழுவிய ஓவரைச் செய்தியாளர் மாற்றி எழுதிவிட்டார் என்று எனக்கு எடுத்துக் காட்டவும் செய்தாள். பரீட்சைக்கு வெளியே ஆங்கிலத்தில் அச்சான ஒன்றோடு அவள் வாதாடியது அன்றுதான் முதற்றடவையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வாசிப்பவரின் முன்னறிவு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை ஆய்வாளர்கள் முறையாகவே சோதித்திருக்கிறார்கள். 1979ஆம் ஆண்டில் மார்கரெட் ஸ்டெஃபென்சனும் அவரது சகாக்களும் வெளியிட்ட ஆய்வொன்றில், இந்தியத் திருமணம் ஒன்றைப் பற்றியும் அமெரிக்கத் திருமணம் ஒன்றைப் பற்றியும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இரு கடிதங்களை இந்தியர்களிடமும் அமெரிக்கர்களிடமும் கொடுத்து வாசிக்கச் செய்தார்கள். இரு சாராருமே தத்தம் வழக்கத்தைப் பற்றிய கடிதத்தை விரைவாக வாசித்து, அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். அமெரிக்கக் கடிதத்தில் மணமகள் தன் பாட்டியின் திருமண உடையை அணிந்திருந்தாள்; அது அவர்களிடையே குடும்பப் பெருமைக்குரிய காரியம். இந்திய வாசகர் ஒருவரோ, மணமகளின் உடை மிகவும் பழையதும் நாகரிகம் கழிந்ததுமாக இருந்தது என்று அதை நினைவுகூர்ந்தார். அந்தக் கடிதத்தின் சொற்கள் அவருக்குத் தெரியாதவையல்ல. கூறைச்சேலை புதிதாக இருக்க வேண்டுமென்று எண்ணும் எங்கள் வீட்டுப் பெண்களும் அப்படியேதான் வாசித்திருப்பார்கள். அறிந்த பண்பாட்டைப் பற்றிய வாசிப்பில் தொடங்கி, மொழியில் கால் ஊன்றிய பிறகு பிறர் பண்பாட்டுக்குள் பிள்ளையை அழைத்துப் போவதே முறை என்று நான் கருதுவதற்கு இதுதான் காரணம். எங்கள் பயிற்சி நூல்கள் பல இந்த ஒழுங்கைத் தலைகீழாகவே செய்கின்றன.

வன்னியில் எழுதுவதற்கு விடயமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. வைகாசியில் வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முன்னதாகச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து வந்து, அந்தக் கடல்நீரில் முள்ளியவளை காட்டு விநாயகர் ஆலயத்தில் விளக்கெரிப்பதை அறியாத பிள்ளை முல்லைத்தீவில் இல்லை. அதை ஆங்கிலத்தில் சொல்லப் பெரிய சொற்கள் தேவையில்லை. எடுத்தல், கொண்டுவருதல், ஊற்றுதல், ஏற்றுதல், எரிதல் என்ற நாளாந்த வினைகளே போதுமானவை. அட்டவணையாகப் பாடமாக்கிய இறந்தகால வடிவங்கள், தான் அறிந்த ஒரு நிகழ்வின் ஒழுங்கில் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போதுதான் பிள்ளைக்குப் பிடிபடுகின்றன. கற்சிலைமடுவில், வன்னியின் கடைசி மன்னனான பண்டாரவன்னியனின் 1803ஆம் ஆண்டுத் தோல்வியைக் குறித்து ஆங்கிலேயர் நாட்டிய கல்லின் வாசகம் ஆங்கிலத்தில்தான் பொறிக்கப்பட்டிருந்தது. எங்கள் மண்ணிலேயே நின்ற அந்த வாசகத்தை ஆங்கில வகுப்பில் வாசிக்கக் கொடுத்த ஆசிரியர்கள் நானறிய மிகச் சிலரே. கண்டி மன்னனின் சிறையாளியாகப் பல்லாண்டுகள் இருந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1679ஆம் ஆண்டில் தப்பி, அருவியாற்றை அண்டிய காட்டு வழியாக நடந்து, மன்னார்ப் பக்கத்து அரிப்பில் ஒல்லாந்தர் வைத்திருந்த கோட்டையை அடைந்தார். அந்தப் பயணத்தை 1681இல் லண்டனில் வெளியான தம் நூலில் அவரே விவரித்தும் இருக்கிறார். அவருடைய பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தை அப்படியே கொடுத்தால் நானே தடுக்கி விழுவேன் என்பது வேறு விடயம். இன்றைய எளிய ஆங்கிலத்தில் அதை நான்கு வாரத் தொடராக எழுதினால், யானை வேலிக்குப் பக்கத்தில் வாழும் செட்டிகுளத்துப் பிள்ளை, யானைக் காட்டினூடாக நடந்து போன மனிதரின் கதையை ஏன் வாசிக்காது?

கூத்து, மடுத் திருவிழா, இரணைமடுக் குளம் திறக்கும் நாள் என்று இன்னும் எத்தனையோ உள. சினிமாவையும் ஒதுக்க வேண்டாம். என் வயதையொத்த ஆசிரியர்கள் இதற்கு முகம் சுளிக்கக்கூடும். ஆனால் வகுப்பு முழுவதும் பார்த்துவிட்ட தமிழ்ப் படமொன்றுக்கு நூற்றைம்பது சொற்களில் ஆங்கில விமர்சனம் எழுதிக் கொடுத்தால், அதில் சொல்லப்பட்ட கருத்தை மறுப்பதற்காகவேனும் பிள்ளைகள் அதைக் கடைசி வரி வரை வாசிப்பார்கள்.

பொழுதுபோக்கு வழியாக ஆங்கிலம் கற்பது வன்னிக்குப் புதிதன்று. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடையால் பற்றறி கிடைக்காத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் நாங்கள் வானொலி கேட்டோம். பெரும்பாலும் தமிழ்ச் செய்திக்காகத்தான் கை நோகச் சுற்றினோம். ஆயினும், அமெரிக்காவின் குரல் வானொலி 1959ஆம் ஆண்டு முதல் சிற்றலையில் நடத்திவந்த எளிய ஆங்கில ஒலிபரப்பைத் தேடிப் பிடித்துக் கேட்ட இளைஞர்களும் எங்களிடையே இருந்தார்கள். ஏறத்தாழ 1500 அடிப்படைச் சொற்கள், குறுகிய வாக்கியங்கள், ஒரு வாக்கியத்துக்கு ஒரு கருத்து, வழமையான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகம் என்பனவே அந்த ஒலிபரப்பின் விதிகள். இசை, சிறுகதை, அமெரிக்க மக்களின் வாழ்க்கை, அறிவியற் செய்தி என்று அதில் எல்லாம் வந்தன. இலக்கணப் பாடம் வரவில்லை. வேகத்தைப் பற்றிய விதியைத் தவிர மற்றவற்றை அப்படியே அச்சுக்குக் கொண்டுவந்துவிடலாம். அச்சில் வேகம் வாசிப்பவர் கையில் இருப்பதால், அந்த வகையில் பத்திரிகை வானொலியைவிட வசதியானது.

தொடர்பாடல் என்ற மூன்றாவது விடயத்தையே மூன்றிலும் அவசரமானதாக நான் கருதுகிறேன். கைத்தொலைபேசிக்கு வரும் ஆங்கிலக் குறுஞ்செய்தி வங்கியிலிருந்து வந்ததா, பரிசு விழுந்திருப்பதாகச் சொல்லி ஏமாற்றுபவனிடமிருந்து வந்ததா என்று பிரித்தறிய முடியாமல் பணத்தை இழந்தவர்கள் எங்கள் கிராமங்களில் இருக்கிறார்கள். லீசிங் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகள், மருந்துப் பெட்டியின் அறிவுறுத்தல், வெளிநாட்டு வேலைக்கான விண்ணப்பம் ஆகியவை எதுவுமே இலக்கியமன்று. ஆனால் வாழ்க்கையில் அவற்றைத்தான் முதலில் வாசிக்க வேண்டியிருக்கிறது. (அரச அலுவலகங்களிலிருந்து சிங்களத்தில் மட்டும் வந்து சேரும் கடிதங்களின் கதை வேறு, அதற்குத் தனியே ஒரு கடிதம் எழுத வேண்டும்.) கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் கண்ணுக்கெதிரே இருக்கின்றன. உயர்தரம் வரை தமிழில் படித்துத் தேறி அங்கே நுழையும் எங்கள் பிள்ளைகள், விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடப்பதைக் கண்டு முதல் ஆண்டு முழுவதும் வாயைத் திறப்பதில்லை. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்து இறங்கும் மச்சான் மச்சாள்மாரின் முன்னால் ஒரு சிரிப்போடு அடுப்படிப் பக்கம் ஒதுங்கிவிடுவதும் இதே பிள்ளைகள்தாம்.

இதற்கு அரைப் பக்கம் என்ன செய்யும் என்று கேட்கலாம். ஒரே செய்தியை நண்பனுக்கு ஒரு விதமாகவும் மேலதிகாரிக்கு இன்னொரு விதமாகவும் எழுதிய இரண்டு குறுங்கடிதங்களை அடுத்தடுத்து அச்சிட்டால் போதும். பணிவு எங்கே கூடுகிறது, உரிமை எங்கே குறைகிறது என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். கேட்டதைத் தர முடியாதபோது மனம் நோகாமல் மறுக்கும் மின்னஞ்சல், தொலைந்த அடையாள அட்டையைப் பற்றிய முறைப்பாடு, தொலைபேசியில் வந்த தகவலை இன்னொருவருக்குக் குறித்து வைத்தல் என்று வாரம் ஒன்றாகக் கொடுக்கலாம். இத்தகைய சிறு குறிப்புகளையும் கடிதங்களையும் எழுதச் சொல்லிப் பரீட்சையிலும் கேட்கிறார்கள் என்பதைப் பெற்றோருக்கு ஆறுதலாகச் சொல்லி வைக்கிறேன்.

இவ்விடத்தில் மைக்கேல் வெஸ்ட் என்ற கல்வியாளரை நினைவுகூர வேண்டும். 1920களில் டாக்காவில் ஆசிரிய பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்த அவர், வங்காளத்துப் பிள்ளைகளில் பெரும் பகுதியினர் இடையிலேயே படிப்பை நிறுத்துவதைக் கண்டு ஒரு கேள்வியைக் கேட்டார்: பாதியில் விலகும் பிள்ளைக்குக் கற்ற அளவில் என்ன பயன் எஞ்சுகிறது? அரைகுறையாகப் படித்த இலக்கணத்தால் ஒரு பயனும் எஞ்சாது; வாசிக்கும் திறனோ கற்ற அளவுக்குப் பயன் தரும் என்பது அவர் கண்ட விடை. சொற்களை எண்ணி அளந்து எழுதப்பட்ட வாசிப்பு நூல்களை அவர் ஆக்கியது அதன் பின்னரே. நெல் வெட்டுக் காலத்திலும் கடற்றொழில் காலத்திலும் வகுப்பில் ஆளில்லாமற் போகும் எங்கள் பிரதேசத்துக்கு அந்தக் கேள்வி நூறாண்டு கழித்தும் பொருந்துகிறது. பிஜித் தீவின் கிராமப் பாடசாலைகளில் 1980இல் ஆரம்பமான ஒரு முயற்சியையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். புத்தகமே அரிதாக இருந்த அந்த வகுப்புகளுக்குப் பிள்ளைகள் விரும்பக்கூடிய 250 ஆங்கிலக் கதை நூல்களைக் கொடுத்தார்கள். அப்பிள்ளைகளின் வாசிப்பு, வழமையான பாடநூலையே பின்பற்றிய பிள்ளைகளின் வாசிப்பை விட ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் வளர்ந்தது.

அரைப் பக்கத்தை எழுதுவோர் சில கட்டுப்பாடுகளை ஏற்க வேண்டியிருக்கும். நூறு சொல்லில் இரண்டுக்கு மேல் புதிய சொல் வந்தால் வாசிப்பு அகராதி புரட்டும் வேலையாக மாறிவிடும். பக்கத்திலேயே வரிக்கு வரி தமிழ் மொழிபெயர்ப்பைப் போடக்கூடாது. போட்டால் கண் தமிழுக்கே போகும். கீழே நான்கைந்து சொற்களுக்குப் பொருள் கொடுப்பது போதும். எக்காரணம் கொண்டும் வினாக்கள் வேண்டாம். வாசித்தபின் விடை எழுத வேண்டுமென்று தெரிந்தாலே பிள்ளை பந்தியை விட்டுவிட்டு வினாவிலிருந்து பின்னோக்கி வாசிக்கத் தொடங்கிவிடும். தமிழ்க் கட்டுரையொன்றைக் கைத்தொலைபேசியில் மொழிபெயர்த்து அப்படியே அச்சிடுவதும் ஆகாது. அந்த ஆங்கிலத்தில் சொற்களின் அளவு யார் கையிலும் இராது.

கைத்தொலைபேசியிலேயே எல்லாம் இருக்கும்போது பத்திரிகை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். இருப்பது உண்மை, ஆனால் டேட்டா போட்டுக்கொண்டு அங்கே போகும் பிள்ளை நாற்பது விநாடிக் காணொளிகளுக்குள் காணாமற் போய்விடுகிறது. பத்திரிகையோ சனசமூக நிலையத்து மேசையில் நாள் முழுவதும் கிடக்கிறது, ஒருவர் வாசிக்கும்போது இன்னொருவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார், ஒருவருக்குத் தெரியாத சொல்லை மற்றவர் சொல்கிறார். ஆங்கிலம் வந்தால் தமிழ் போய்விடும் என்ற அச்சத்துக்கு இங்கே நான் இடம் கொடுக்கவில்லை. வட்டாப்பளைப் பொங்கலை ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்த பிள்ளை அதைத் தமிழில் மறந்துவிடப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை இதழில் வெளியிடுவது வசதியாக இருக்கும். சனி, ஞாயிறில் பிள்ளைகள் வாசிப்பார்கள். திங்களன்று ஆசிரியர் விரும்பினால் அதைப் பற்றி வகுப்பில் பேசலாம். மண்ணெண்ணெய் விளக்கில் படிப்போர் இன்னமும் இருக்கிறார்கள் என்பதால், எழுத்தை வழமையான செய்தி எழுத்தைவிடச் சற்றுப் பெரிதாக அமைத்தால் நல்லது. முதல் இரண்டு மாதங்களுக்குரிய கட்டுரைகளை எழுதித் தர, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, மல்லாவி ஆகிய இடங்களிலுள்ள ஓய்வுநிலை ஆசிரியர்கள் சிலரோடு நானும் ஆயத்தமாக இருக்கிறேன். கொடுப்பனவு எதுவும் எதிர்பார்க்கவில்லை. தங்கள் ஆசிரிய பீடத்தில் ஆங்கிலம் நன்கறிந்த ஒருவர் அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு கட்டுரையையும் பிழை பார்த்துத் தர வேண்டும் என்பதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை ஆங்கில ஆசிரியர்,
ஒட்டுசுட்டான்.