ஓகஸ்டில் போனால் கொக்கிளாயில் என்ன பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் சுற்றுலாப் பக்கத்தில் திருகோணமலையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊரைப் பற்றி நாலு வரி வந்தாலே சந்தோஷம்தான். ஆனால் ஓகஸ்ட் விடுமுறையில் வந்தால் புறாத்தீவின் முருகைக்கற்களையும் (பவளப்பாறைகளையும்) கொக்கிளாய்க் களப்பின் வெளிநாட்டுப் பறவைகளையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்ற மாதிரி அதில் வந்திருந்தது. அதை அப்படியே விட மனமில்லை. இங்கே கடலுக்கு ஒரு பருவம், பறவைக்கு ஒரு பருவம். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் அடங்கியிருக்கும். நிலாவெளியிலிருந்து புறாத்தீவு ஒரு கிலோமீற்றர் தூரம்தான். அந்த மாதங்களில் தண்ணீரும் தெளிவு. ஆனால் சைபீரியா, மத்திய ஆசியா பக்கமிருந்து இந்தியக் கரையோரமாக இறங்கிவரும் பறவைகளில் பெரும்பாலானவை ஒக்டோபரிலிருந்துதான் வந்து சேரும், ஏப்ரலுக்குள் பெரும்பாலும் திரும்பிவிடும். அவை வந்து இறங்கும் நேரம் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்கி, புறாத்தீவுப் பக்கம் கடல் கொந்தளிக்கும். ஆகவே உங்கள் பக்கத்தை நம்பி ஓகஸ்டில் கொக்கிளாய்க்குப் போகிறவர் எப்போதும் இங்கேயே இருக்கும் கொக்கையும் நீர்க்காகத்தையும் பார்க்கலாம். அவையும் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் தேடிப்போனது அதையல்ல.

திகதிப் பிழை ஒன்றைத் திருத்துவதற்காக மட்டும் இதை எழுதவில்லை. எல்லோரும் ஒரே பருவத்தில் ஒரே தீவுக்குப் போவதால் அந்தத் தீவு படும் பாட்டையும் சொல்ல வேண்டும். புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பூங்காவின் பரப்பு 471 ஹெக்டேயர் என்றதும் பெரிய நிலம் என்று நினைக்க வேண்டாம், அதில் மிகப் பெரும்பகுதி கடல். பெரிய தீவே ஏறத்தாழ 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும்தான். விடுமுறை நாளில் படகுக்குப் பின் படகாக ஆட்கள் வந்து இறங்கினால், அந்தச் சின்ன மணல் துண்டில் எல்லோரும் எங்கே நிற்பார்கள்? கடலுக்குள் இறங்கி முருகைக்கல்லின் மேல்தான் நிற்பார்கள்.

நீந்தத் தெரியாதவர் முகக்கண்ணாடியோடு மிதப்பார், கொஞ்சம் களைத்ததும் காலை ஊன்றுவார். அவர் மிதிப்பது கல் அல்ல, உயிர். கிளைவிடும் வகை முருகைக்கல்லே வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர்தான் வளரும். மூளை வடிவத்தில் உருண்டிருக்கும் வகை அதைவிட மெதுவாக, மில்லிமீற்றர் கணக்கில் வளரும். 1998இல் கடல் சூடேறி, தெற்கிலும் மேற்கிலும் முருகைக்கற்கள் வெளுத்துப் பெருமளவில் செத்தபோது திருகோணமலைப் பக்கம் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. அந்தச் சூட்டுக்குத் தப்பியதை நாம் காலால் உடைத்தால் யாரிடம் போய் முறையிடுவது?

அங்கே செட்டை நுனி கறுத்த சிறிய சுறாக்கள் உண்டு. மனிதரைக் கண்டால் விலகிப் போகிற சாதுவான இனம். பார்க்க ஆசைப்படுகிறவர் காலையிலேயே, கூட்டம் சேருமுன் போக வேண்டும். கடலாமையைக் கண்டால் பின்னால் துரத்த வேண்டாம், அது மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய பிராணி. மீனுக்குப் பாண் போடுவதும் கூடாது. பாசியைத் தின்று முருகைக்கல்லைத் துப்புரவாக வைத்திருக்கும் கிளிமீனுக்குப் பாண் எதற்கு? கரையில் ஒதுங்கிக் கிடக்கும் வெள்ளைத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் சட்டப்படி குற்றம். அப்புறம், தீவுக்குப் பெயர் தந்த மாடப்புறாக்கள். பாறை இடுக்குகளில்தான் கூடு கட்டுகின்றன. செல்பி எடுக்க அந்தப் பாறைகளில் ஏறிக் கூச்சல் போடுகிறவர்கள், தலைக்கு மேல் பதறிப் பறப்பது என்னவென்று நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

இவ்வளவையும் படகில் ஏறுமுன் ஐந்து நிமிடத்தில் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லிவிடலாம். சொல்வதற்குப் பொருத்தமானவர்கள் படகோட்டிகளே. எந்த இடத்தில் ஆழம், எங்கே முருகைக்கல் மேலே வருகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஒரு நாளைக்கு எத்தனை பேர் இறங்கலாம் என்று உச்ச எண்ணிக்கை வைத்து, அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கவும் வேண்டும். படகோட்டிகளுக்கு வருமானம் குறையாதா என்று கேட்பீர்கள். குறையும்தான். அதற்காகவே மற்றப் பருவத்தைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

கொக்கிளாய்க் களப்பு முல்லைத்தீவுக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் நடுவே கிடக்கிறது. 1951இலேயே சரணாலயமானது. மழை ஓய்ந்த பெப்ரவரியில் நிலாவெளி, குச்சவெளி, திரியாய் வழியாகப் புல்மோட்டைப் பக்கம் போனால் பூநாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், காட்டுத் தாரா, சேற்றில் ஓடித் திரியும் உள்ளான் என்று பார்க்கக் கிடைக்கும். அவ்வளவு தூரம் போக முடியாதவர் இறக்கக்கண்டிப் பாலத்தடியில் காலை வெயில் ஏறுமுன் நின்றாலும் ஏமாற மாட்டார். ஒரு சோடி தொலைநோக்கி போதும். சரணாலயத்துக்குத் தேசியப் பூங்கா மாதிரி வாசலும் நுழைவுச்சீட்டும் கிடையாது. தடுத்துச் சொல்ல ஆளில்லை என்பதால் நாமாகவே தள்ளி நிற்க வேண்டும். நல்ல படம் வேண்டுமென்று கல்லெறிந்து கூட்டத்தைக் கிளப்புகிறவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே இருக்கட்டும். அவ்வளவு தூரம் பறந்து வந்த பறவைக்கு ஒவ்வொரு முறை கிளம்புவதும் வீண் செலவு.

எங்கள் பிள்ளைகளைச் சுற்றுலா என்றால் தெகிவளை மிருகக்காட்சிசாலைக்கும் பின்னவலைக்கும் பஸ் பிடித்துக் கூட்டிப்போகிறோம். கூண்டுக்குள்ளும் கட்டுக்குள்ளும் இருப்பதைப் பார்க்க ஒரு நாள் முழுக்கப் பயணம்! திருகோணமலைப் பாடசாலைகள் ஒரு முறையாவது பெப்ரவரியில் களப்புப் பக்கம் போனால் என்ன?

கோணேசர் கோயிலுக்கு வரும் அடியார்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோயில் இருக்கும் கோட்டைக்குள்ளும் நகரத்திலும் திரியும் புள்ளிமான்களுக்குச் சாப்பாட்டை ஊட்டுகிறீர்கள், சரி. சோறு சுற்றிய லஞ்ச் சீற்றை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறீர்கள். உப்பும் எண்ணெயும் ஒட்டிய அந்தப் பொலித்தீனை மான் அப்படியே விழுங்கி, வயிறு அடைத்துச் சாகிறது.

ஆசிரியர் அவர்களே, புறாத்தீவைப் பற்றி மே மாதத்திலும் கொக்கிளாயைப் பற்றி ஜனவரிக் கடைசியிலும் தனித்தனியாக எழுதுங்கள். எழுதும்போது நுழைவுக் கட்டணம், ஹோட்டல் விபரங்களோடு எங்கே கால் வைக்கக்கூடாது என்பதற்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.