பதிவிறக்கத்துக்கும் டேலிக்கும் நடுவில்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிறு கடைகளின் கணக்கு வழக்கு கணினிக்கு மாறியது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாக இருந்தது. ஆனால் வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பதிவிறக்கி டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று ஒரே வரியில் கடந்துபோய்விட்டார் கட்டுரையாளர். அந்த ஒரு வரியில்தான் மாதாமாதம் என்னுடைய ஒரு வாரம் கரைகிறது. அதனால் இந்தக் கடிதம்.

ஈரோட்டில் ஏழு கடைகளுக்குப் பகுதிநேரமாகக் கணக்கு எழுதுகிறேன். ஒரு மஞ்சள் மண்டி, இரண்டு ஜவுளிக் கடை, ஒரு ஹார்டுவேர் கடை, மற்றவை சில்லறை வியாபாரம். யூபிஐ 2016இல் வருவதற்கு முன் அந்த ஹார்டுவேர் கடையின் மாத ஸ்டேட்மென்ட் இரண்டு பக்கத்தைத் தாண்டாது. நாலைந்து செக், வாரம் ஒரு கேஷ் டெபாசிட், அவ்வளவுதான். இன்று இருபது ரூபாய் ஆணிக்கும் ஸ்கேன் செய்கிறார்கள். மாதம் அறுநூறு எழுநூறு வரி வருகிறது. ஒவ்வொன்றாகக் கையால் என்ட்ரி போட்டு மாளாது. கோப்பை மாற்றித்தான் ஏற்றியாக வேண்டும்.

2025 மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் கடையின் ஏப்ரல் மாதக் கோப்பை வங்கித் தளத்திலிருந்து இறக்கி, இரட்டை க்ளிக் செய்து எக்செலில் திறந்தேன். தேதிகளில் பாதி சரியில்லை என்று தெரிந்தது. 13ஆம் தேதியிலிருந்து வந்தவை வெறும் எழுத்தாக நின்றன. ஃபார்முலா போட்டு அவற்றைத் தேதியாக்கினேன், ஏற்றினேன், பிழை எதுவும் வரவில்லை. வங்கி லெட்ஜரைப் பிரின்ட் எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர் கேட்டார்: "ஏனுங்க, டிசம்பர் மாசம் இன்னும் வரவே இல்லீங்களே, அதுக்குள்ள எனக்கு யாரு பணம் போட்டாங்க?"

நடந்தது இதுதான். அந்தக் கணினியின் விண்டோஸில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தது, அதாவது மாதம் முதலில், நாள் பிறகு. வங்கி கொடுத்த 05/04/2025ஐ அது மே 4 என்று படித்துக்கொண்டது. 12/04 டிசம்பர் 4 ஆனது. 01/04, 02/04, 03/04 மூன்றும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களின் 4ஆம் தேதிக்குப் போய், ஏற்கனவே சரிபார்த்து வைத்திருந்த முந்தைய நிதியாண்டுக்குள் நுழைந்துவிட்டன. 13ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் 13ஆம் தேதி முதல் அதற்குப் புரியாமல் எழுத்தாக விட்டுவிட்டது. புரியாததை நான் திருத்தினேன். தப்பாகப் புரிந்துகொண்ட முதல் பன்னிரண்டு நாளும் தேதி மாதிரியே இருந்ததால் கண்ணில் படவில்லை. எல்லா மாதமும் 4ஆம் தேதி மட்டும் வியாபாரம் நடக்கிற கடையாக அதை ஆக்கிவிட்டேன்! பற்று வரவுக் கூட்டல் ஒரு பைசா பிசகவில்லை என்பதுதான் வேடிக்கை. தேதி மாறினால் கூட்டலுக்கு என்ன தெரியும்?

இப்போதெல்லாம் கோப்பை க்ளிக் செய்து திறப்பதில்லை. எக்செலை முதலில் திறந்து, டேட்டா மெனு வழியாக உள்ளே இழுத்து, தேதிப் பத்தியை நாள், மாதம், ஆண்டு வரிசை என்றும், ரெஃபரன்ஸ் எண் பத்தியை எழுத்து என்றும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் பத்தியின் மேல் ஒரு பார்வை. எழுத்தாக இருப்பவை கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், நிஜமான தேதி வலப்பக்கம் ஒட்டும். ஒரே பத்தியில் இரண்டும் கலந்து நின்றால் ஏதோ கோளாறு.

ரெஃபரன்ஸ் எண்ணை எழுத்தாக வைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. யூபிஐ எண் 12 இலக்கம். எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு, குறுகலான கட்டத்தில் முதல் மூன்று இலக்கத்தையும் அடுக்குக் குறியையும் மட்டும் (4.12E+11 என்பது மாதிரி) காட்டும். அப்படியே சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் கண்ணுக்குத் தெரிந்ததுதான் கோப்பில் மிஞ்சும். நூறு பேர் போட்ட பணம் ஒரே ரெஃபரன்ஸில் வந்ததாகிவிடும். 16 இலக்க எண் என்றால் இன்னும் மோசம். எக்செல் 15 இலக்கம் வரைதான் மெய்யாக வைத்துக்கொள்ளும், கடைசி இலக்கத்தைச் சத்தமில்லாமல் பூஜ்ஜியமாக்கிவிடும்.

இதெல்லாம் எக்செல் கொடுக்கிற வங்கிகளின் கதை. ஒரு வங்கி எக்செல் என்று பெயர் வைத்துத் தருவது உண்மையில் டேப் போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. இன்னொன்று பிடிஎஃப் தவிர வேறெதுவும் தராது, அதற்கும் பூட்டு. பிடிஎஃபைப் பத்தி பத்தியாகப் பிரித்தால் ஒரே பரிவர்த்தனையின் விவரம் மூன்று வரியாக உடைந்து கிடக்கும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முன்பக்க இருப்பு என்று ஒரு வரி இருக்கும். ஒரு தடவை அதை வரவு என்று நினைத்து ஏற்றிவிட்டேன். அந்த மாதம் மஞ்சள் மண்டிக்காரர் திடீர்க் கோடீஸ்வரர்! நல்லவேளை, ஒவ்வொரு வரியிலும் முந்தைய இருப்போடு வரவைக் கூட்டி, பற்றைக் கழித்து, வங்கி காட்டும் இருப்போடு ஒத்துப்பார்க்கும் பத்தி ஒன்றை எப்போதும் வைத்திருப்பேன். அதில் மாட்டியது.

டேலியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முன்பெல்லாம் எக்ஸ்எம்எல் என்ற, ஒவ்வொரு தகவலுக்கும் குறிச்சொல் இட்ட கோப்பாக மாற்றித்தான் ஏற்ற வேண்டும். ஒரு கம்பெனிப் பெயரின் நடுவில் & குறி அப்படியே இருந்தால் போதும், மொத்தக் கோப்பும் உள்ளே போகாது. பற்றுத் தொகைக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு நாள் ஆனது. டேலிபிரைம் 4.0 வந்த பிறகு எக்செலையே நேரடியாக ஏற்றலாம். அண்மைப் பதிப்புகளில் சில வங்கிகளை டேலியோடு இணைத்துக்கொள்ளும் வசதியும் வந்திருக்கிறது. ஆனால் வங்கி லாகின் முதலாளியின் கையில் இருக்கிறது, ஓடிபி அவர் போனுக்குப் போகிறது. அவர் கொடுக்க மாட்டார், கொடுக்கவும் கூடாது. ஆக, எனக்கு வந்துசேர்வது வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பும் கோப்புதான்.

அவரும் ஒரு தடவை 1 முதல் 20 வரை அனுப்புவார், அடுத்த தடவை 15 முதல் 30 வரை. நடுவில் உள்ள ஆறு நாள் இரண்டு முறை ஏறும். அதே நாளில் அதே ஐம்பது ரூபாய் நாலு பேர் போட்டிருப்பார்கள், எது இரட்டிப்பு, எது நிஜம் என்று எப்படிப் பிரிப்பது? கம்பெனியாகப் பதிவு செய்யாத கடையின் கணக்கு என்றால் இரட்டிப்பை அழித்துவிட்டுப் போகலாம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் அதுவும் சுலபமில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும், அந்தப் பதிவை நிறுத்தவும் கூடாது. தெரியாமல் இரண்டு முறை ஏற்றி அழித்த வவுச்சர்கள், அதாவது கணக்குப் பதிவுகள், அத்தனையும் ஆடிட்டரின் கண்ணுக்குப் போகும். இதற்கெல்லாம் அமெரிக்காவில் 1997இலேயே வழி கண்டுவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட், இன்ட்யூட், செக்ஃப்ரீ ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து கொண்டுவந்த ஓஎஃப்எக்ஸ் என்ற கோப்பு வடிவத்தில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வங்கியே தனி அடையாள எண் கொடுத்துவிடும். க்னூகேஷ் என்ற இலவச மென்பொருளில் அப்படி ஒரு கோப்பை ஏற்றிப் பார்த்தேன். இரண்டாம் முறை அதையே ஏற்றினால் பழைய வரிகளை அதுவாகவே தள்ளிவிடுகிறது. நான் கணக்கு எழுதும் கடைகளின் வங்கிகள் எதிலும் அந்த வடிவம் கிடைக்கவில்லை.

இந்தச் சிக்கலைப் பார்த்து இணையத்தில் மாற்றித்தரும் தளங்கள் முளைத்திருக்கின்றன. ஸ்டேட்மென்ட்டை ஏற்று, பாஸ்வேர்டைப் போடு, ஒரு நிமிடத்தில் எக்செல் வரும். சக கணக்கர்கள் சிலர் பழகிவிட்டார்கள். யாரிடம் வாங்கினார், எவ்வளவு கொடுத்தார் என்ற ஒரு வியாபாரியின் முழு ஜாதகத்தையும் முகம் தெரியாத ஒரு சர்வரில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம் என்ற பயம் எனக்கு உண்டு. நான் போவதில்லை. கொஞ்சம் மெதுவாக நடந்தாலும் பரவாயில்லை.

வங்கிகளால் ஒழுங்கான தரவு தர முடியாது என்றும் சொல்ல முடியாது. ரிசர்வ் வங்கி 2016இல் நெறிமுறை வகுத்து, 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அக்கவுன்ட் அக்ரிகேட்டர் ஏற்பாட்டைப் பாருங்கள். கடைக்காரர் கடன் கேட்டு, போனில் சம்மதம் கொடுத்தால் போதும். தேதி, தொகை, இருப்பு, ரெஃபரன்ஸ் எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து, கணினி தடுமாறாமல் படிக்கிற வடிவில் கடன் கொடுப்பவரிடம் போய்ச் சேருகிறது. ஆனால் அதைப் பெற நிதித்துறை ஒழுங்குமுறை அமைப்பு ஒன்றில் பதிவுபெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். கடன் கொடுக்கிறவனுக்குச் சுத்தமான கோப்பு, கணக்கின் சொந்தக்காரருக்கோ பூட்டிய பிடிஎஃப். இது எந்த ஊர் நியாயம்?

வங்கிகளிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இருக்கிற பதிவிறக்கப் பக்கத்திலேயே இன்னொரு தேர்வு சேர்த்தால் போதும். ஒரு பரிவர்த்தனைக்கு ஒரே வரி. ஆண்டு முதலில் வரும் தேதி. காற்புள்ளி இல்லாத தொகை. வங்கி தரும் அடையாள எண்ணுக்குத் தனிப் பத்தி. தலைப்பும் முன்பக்க இருப்பும் வேண்டாம். எல்லா வங்கியும் ஒரே பத்தி வரிசையில் தரும்படி ரிசர்வ் வங்கி சொன்னால், கோப்பை மாற்றுவதற்கென்று வங்கிக்கு ஒன்றாக நான் வைத்திருக்கும் ஐந்து எக்செல் ஷீட்டுகளையும் அழித்துவிடுவேன். அடுத்த முறை இது பற்றி எழுதும்போது உங்கள் கட்டுரையாளர் இதை ஒரு வங்கி அதிகாரியிடம் கேட்டு, பதிலையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பகுதிநேரக் கணக்கர்,
ஈரோடு