மொன்டோனே மக்களுக்கு நன்றி மடல்

இத்தாலியின் உம்ப்ரியா மாநிலத்திலுள்ள மொன்டோனே நகராட்சியினருக்கும், இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் மாண்ட இந்திய வீரர் நாயக் யஷ்வந்த் காட்கேயின் நினைவிடம் உருவாகத் துணைநின்ற இத்தாலியப் போர் வரலாற்று ஆய்வாளர்களுக்கும், எங்கள் பயணத்தில் கைகொடுத்த அனைவருக்கும், இந்திய ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற நண்பர்களாகிய நாங்கள் நன்றி தெரிவித்துக்கொள்கிறோம்.

1944 ஜூலை 10 அன்று மேல் டைபர் பள்ளத்தாக்கில், 5ஆம் மராட்டா காலாட்படையின் 3ஆவது பட்டாலியனைச் சேர்ந்த காட்கேயின் பிரிவு மிக அருகிலிருந்து வந்த இயந்திரத் துப்பாக்கிச் சூட்டில் சிக்கியது. அவர் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் மாண்டனர் அல்லது காயமுற்றனர். அவரோ தனியாளாகப் பாய்ந்து சென்று, கையெறி குண்டு வீசி அந்தத் துப்பாக்கியையும் அதை இயக்கியவரையும் வீழ்த்தி, இன்னொருவரைச் சுட்டு, தோட்டா மாற்ற நேரமில்லாததால் எஞ்சிய இருவரைத் துப்பாக்கியாலேயே அடித்துக் கொன்றபின், மறைந்திருந்து சுட்டவரின் குண்டுக்குப் பலியானார். வயது 22. பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் அவர் மறைவுக்குப் பின்னரே வந்தது.

அவருக்குக் கல்லறை இல்லை. இத்தாலியப் போர்க்களங்களில் ஏறத்தாழ 50,000 இந்தியர் போரிட்டு 5,782 பேர் உயிரிழந்தனர். வெள்ளைக்காரனுக்காகத்தானே சண்டையிட்டார்கள் என்று நம்மவர் சிலர் ஒதுக்கிவிடும் இவ்வீரர்களில் ஒருவருக்கு, 2023இல் இத்தாலியப் போர் வரலாற்று ஆய்வாளர்களுடன் இணைந்து மொன்டோனே மக்கள் சூரியக் கடிகார வடிவில் நினைவிடம் அமைத்து, ‘நாம் அனைவரும் ஒரே சூரியனின் கீழ் வாழ்கிறோம்’ என்ற பொருளில் லத்தீன் வாசகத்தையும் பொறித்தார்கள். மலைமேல் மதிலுக்குள் அடங்கிய மிகச் சிறிய ஊர் அது. அவ்வளவு சிறிய ஊர் தானாக முன்வந்து இதைச் செய்ததைத்தான் நாங்கள் பெரிதாக மதிக்கிறோம்.

மதிய இடைவேளைக்கு அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்த ஊழியர், நாங்கள் வந்த காரணத்தைக் கேட்டதும் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உடன் நடந்தே வந்து நினைவிடத்தைக் காட்டினார். கசினோ போர்க் கல்லறையில், கல்லறையில்லாதோரின் பெயர்கள் பொறித்த பச்சைப் பளிங்குப் பலகைகளிடையே நாங்கள் திணறியபோது, தோட்டப் பணியாளர் பதிவேட்டைப் புரட்டி காட்கேயின் பெயருள்ள பலகையைக் கண்டுபிடித்து, எழுத்துத் தெளிவாகத் தெரியும்படி ஈரத் துணியால் துடைத்தும் கொடுத்தார். அவர் கைம்மாறு எதையும் பெற்றுக்கொள்ளவில்லை.

இத்தாலிய மொழி அறியாத எங்களுக்காக இரு இடங்களிலும் பேசிய தமிழ்நாட்டு அருட்சகோதரிக்குத் தனி நன்றி. மொன்டோனேயில் எடுத்த ஒளிப்படங்களை, நகராட்சியினர் கேட்டபடி, அவர் வழியாகவே அனுப்பிவைக்கிறோம்.