சவானா போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

அடுத்த பயணம் அமெரிக்கா, கனடாவின் கிழக்குக் கரைத் துறைமுகங்களான சவானா, நார்ஃபோக், நியூயார்க், ஹாலிஃபாக்ஸ் என்று நீ அனுப்பியதைப் பார்த்தேன். வழக்கம்போல வரைபடத்தை விரித்து உன் வழியைப் பென்சிலால் கோடு போட்டேன். போட்டு முடித்ததும், இதே கோட்டை முன்பே எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலத்தின் வலசைப் பாதை அது. நீ மூன்றாம் அதிகாரியாக இருக்கும் கப்பல் தொடும் துறைமுகங்களின் வாசலைக் கடந்துதான் அதுவும் வருடாவருடம் தெற்கே போய் வடக்கே திரும்புகிறது. அதனால்தான் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ சவானா சேரும் ஜனவரி அவற்றுக்குப் பேறுகாலம். கர்ப்பமான பெண் திமிங்கலங்கள் குளிர்ந்த வடகடலிலிருந்து 1,600 கிலோமீட்டருக்கும் மேல் நீந்தி ஜார்ஜியா, ஃபுளோரிடா கரைகளுக்கு வருகின்றன. அங்கே கடல் ஆழம் குறைவு, அலையும் அடக்கம். குட்டி பிறக்கும்போதே நான்கு மீட்டர் நீளம், ஒரு டன் எடை. அங்கே தாய்க்கு இரை அநேகமாகக் கிடையாது. கோடையில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்துத்தான் பால் கொடுக்கிறது. பிள்ளை பெறவே பசியோடு அத்தனை தூரம் வருகிறது என்று படித்தபோது, உன் அம்மாவைக் கூப்பிட்டு அந்தப் பத்தியை வாசித்துக் காட்டினேன்.

குட்டியால் நெடுநேரம் மூச்சடக்க முடியாது. ஆகவே தாயும் அதோடு நீர்மட்டத்திலேயே கிடக்கும். முதுகு கறுப்பு, முதுகுத்துடுப்பும் கிடையாது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தண்ணீரின் நிழல் போலத்தான் தெரியும். ஊதும் நீராவி மட்டும் இரண்டாகப் பிரிந்து 'வி' எழுத்துப் போல எழும். அதுதான் அடையாளம், மறந்துவிடாதே. மெதுவாக நீந்தும், கரையை ஒட்டி வரும், செத்தாலும் மிதக்கும். அதனால்தான் அந்தக் கால வேட்டைக்காரர்கள் இதை வேட்டைக்குச் 'சரியான' (ரைட்) திமிங்கலம் என்று கருதி இந்தப் பெயரை வைத்தார்களாம். ஒரு உயிருக்கு இப்படியும் ஒரு பெயரா என்று எனக்கு மனசு ஆறவில்லை. இப்போது மிஞ்சியிருப்பவை நானூறுக்கும் குறைவு. அதில் குட்டி ஈனக்கூடிய பெண்கள் சுமார் 70 தான்.

வசந்தத்தில் தாயும் குட்டியும் வடக்கே கிளம்பும். கேப் காட் விரிகுடா, மெய்ன் வளைகுடா, ஃபண்டி விரிகுடா என்று இரை தேடிப் போகும். இரை என்றால் அரிசி மணி அளவே உள்ள கோப்பிபாட் என்ற மிதவை உயிர். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சின்னதைத் தின்று பிழைக்க வேண்டுமானால், அது கூட்டம் கூட்டமாகத் திரண்டிருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். தாயோடு போய்த்தான் குட்டி அந்த இடங்களைப் பழகுகிறது.

2010க்குப் பிறகு அந்த இடங்களே மாறிவிட்டன. மெய்ன் வளைகுடா வேகமாகச் சூடேற, பழைய இடங்களில் கோப்பிபாட் குறைந்தது. பசித்த திமிங்கலங்கள் இன்னும் வடக்கே செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போகத் தொடங்கின. ஃபண்டி விரிகுடாவில் அவற்றுக்காக 2003லேயே கப்பல் தடத்தை நகர்த்திவைத்திருந்தார்கள். புதிய இடத்தில் அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. கப்பல்களும் நண்டுப் பொறிகளின் கயிறுகளும்தான் அங்கே இருந்தன. 2017இல் மட்டும் கனடாவில் 12, அமெரிக்காவில் 5 என்று 17 திமிங்கலங்கள் செத்தன. அந்த ஆகஸ்டில்தான் கனடா வேகக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இரை போன வழியே அவை போயின, நம் சட்டம் பழைய வழியிலேயே நின்றுவிட்டது.

நீ அரபிக்கடலைத் தாண்டும் நாட்களும் வரும் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கூன்முதுகுத் திமிங்கலம் என்பது வேறொரு இனம். மற்ற கடல்களில் அவை கோடையில் துருவத்துப் பக்கம் போகும். ஓமான் கரையில் இருப்பவை போவதில்லை. பருவக்காற்று அடிமட்டத்துக் குளிர்நீரை மேலே கிளறிவிடுவதால் அங்கேயே அவற்றுக்கு இரை கிடைக்கிறது. ஓமான் பக்கம் இருப்பவை நூறுக்கும் குறைவு என்கிறார்கள். 1960களின் நடுவில், பெரும்பாலும் 1966 நவம்பரில், சோவியத் கப்பல்கள் வந்து 242ஐக் கொன்றுபோட்ட கூட்டம் அது. லுபான் என்று பெயரிட்ட ஒரு பெண் திமிங்கலத்தின் மேல் 2017 இறுதியில் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். அது அரபிக்கடலைக் கடந்து கோவாப் பக்கம் வந்து, கன்னியாகுமரி வரை இறங்கிவிட்டு ஓமானுக்கே திரும்பியது. துருவத்துக்குப் போகாவிட்டாலும் கடலைக் குறுக்கே கடக்கத்தான் செய்கிறது. சரி, உன் பயணத்துக்கு வருகிறேன்.

நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை சவானாவை ஒட்டிய கடற்பகுதியில் சுமார் 20 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்கள் 10 நாட் (மணிக்குப் பத்து கடல் மைல்) வேகத்தைத் தாண்டக்கூடாது என்பது 2008 முதல் விதி. இது எனக்கு முன்பே உனக்குத் தெரிந்திருக்கும். ஏன் பத்து என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன். 15 நாட் வேகத்தில் மோதினால் திமிங்கலம் சாகும்படி அடிபட சுமார் 80 சதவீதம் வாய்ப்பு என்று ஒரு ஆய்வு கணக்கிட்டது. எட்டரை நாட் வேகத்துக்குக் குறைத்தால் அது ஏறக்குறைய 20 சதவீதம். இருட்டில் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் அந்தக் கறுப்பு முதுகு தெரியாது. இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் உன் வாட்சில், அதாவது கண்காணிப்புப் பணியில், அவற்றைக் காப்பது வேகம் ஒன்றுதான்.

"வேகத்தை முடிவு செய்வது கேப்டன், அப்பா" என்று நீ சொல்வது காதில் விழுகிறது. தெரியும். ஆனால் உன் வாட்சில் கப்பலைச் செலுத்தும் அறையில் நின்று கடலைப் பார்ப்பது நீதானே. வரைபடத்தில் அந்தப் பகுதி தொடங்கும் இடத்தை முன்கூட்டியே குறித்துவை. உள்ளே நுழைவதற்குப் போதிய நேரம் முன்பே அவருக்கு நினைவூட்டு. துறைமுகத்துக்குத் தாமதமாகிறது என்று யாராவது அவசரப்பட்டால், மரியாதையாக, ஆனால் வாயைத் திறந்து சொல். மூன்றாம் அதிகாரி சொல்வதற்கு என்ன மதிப்பு என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடாதே.

காலை வாட்சில் அந்த இரட்டை ஊதலைக் கண்டால் மணியையும் இடத்தையும் எழுதிவைத்து, உடனே கடலோரக் காவல் படைக்குத் தகவல் கொடுங்கள். பக்கத்தில் குட்டி இருந்ததா என்று எனக்கும் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா