டான்யூப் கரைப் பாதையில் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னா வரை, டான்யூப் ஆற்றை ஒட்டியே ஏறத்தாழ 320 கிலோமீட்டர் செல்லும் சைக்கிள் பாதையில் இந்தக் கோடையில் அப்பா, அம்மா, தம்பி, நான் என நால்வரும் பயணம் செய்து திரும்பினோம். வழியில் உதவியவர்களுக்கு எங்களுக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் அங்கங்கே நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தோம். இருந்தாலும், அவர்கள் செய்த உதவி எத்தகையது என்பதை நம் மக்களும் அறிய வேண்டும் என்று என் பெற்றோர் விரும்புவதால், இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். திருவையாற்றுப் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் வேலை பார்த்த காலமெல்லாம் சைக்கிளில்தான் போய் வந்தார். பிற்பாடு அவருக்கு வலது காது அறவே கேட்காமல் போயிற்று. ஒரு காதால் மட்டும் கேட்பவருக்கு ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது பிடிபடாது; ஹாரன் சத்தம் கேட்கும், ஆனால் பேருந்து எந்தப் பக்கமாக ஏறி வருகிறது என்பது தெரியாது. அதனால் எங்களில் ஒருவரும் சொல்லாமலேயே அவர் சைக்கிள் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லாத ஒரு பாதை கிடைத்தாலொழிய அவர் மறுபடியும் சைக்கிளில் ஏற வழியில்லை என்ற நிலையில்தான் இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தோம்.

எனவே முதல் நன்றி பாதையைக் காப்பவர்களுக்கு. நீராவிக் கப்பல்கள் வருவதற்கு முன்பு, டான்யூபில் உப்பும் தானியமும் ஏற்றிய மரப்படகுகளை நீரோட்டத்துக்கு எதிராகக் குதிரைகளைப் பூட்டிக் கரையிலிருந்து கயிற்றால் இழுத்துச் சென்றார்கள். அந்தக் குதிரைகள் நடப்பதற்காகக் கரையை ஒட்டி அமைத்த தடமே பல இடங்களில் இன்றைய சைக்கிள் பாதையாக இருக்கிறது. இழுத்தவை குதிரைகள் என்பதால் தடம் பெரும்பாலும் மேடுபள்ளம் இல்லாமல் சமமாகவே போகிறது. அறுபது வயதைக் கடந்தவர்களும் மூச்சு வாங்காமல் ஓட்ட முடிவதற்குக் காரணம் இதுதான். ஆஸ்திரியாவின் நீர்வழிகளைப் பராமரிக்கும் வியாடோனாவ் நிறுவனத்தின் பணியாளர்கள் இந்தத் தடத்தையும் பராமரிக்கிறார்கள். ஆறு பொங்கினால் முதலில் மூழ்குவது கரையோரப் பாதைதான். 2013 ஜூன் மாத வெள்ளத்தில் பாசாவில் நீர்மட்டம் 12.89 மீட்டரைத் தொட்டது. நகர மன்றக் கோபுரத்தின் சுவரில் பழைய வெள்ளங்களின் குறிகளுக்கிடையே அந்தக் கோடு நம் தலைக்கு மேலே உயரத்தில் இருப்பதை அண்ணாந்து பார்த்தோம். 2024 செப்டம்பரில் கீழ் ஆஸ்திரியா மாநிலத்தில் பெருவெள்ளம் வந்து போயிற்று. வெள்ளம் வடிந்த பிறகு வண்டலைச் சுரண்டி, வேரோடு வந்து விழுந்த மரங்களை அறுத்து அகற்றி, இந்தத் தடத்தைத் திரும்பத் திரும்ப மீட்டுக் கொடுக்கும் பணியாளர்களுக்கும், அந்நாட்டு ஊர்கள்தோறும் இருக்கும் தன்னார்வத் தீயணைப்புப் படையினருக்கும் எங்கள் வணக்கம்.

பாசாவில் எங்களுக்குச் சைக்கிள் வாடகைக்குக் கொடுத்த கடைக்காரப் பெண்மணியை அம்மா நாள்தோறும் நினைத்துக்கொள்கிறார். அம்மா பள்ளிக்கூட நாள்களுக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை. அந்தப் பெண்மணி, குறுக்குக் கம்பி தாழ்வாக உள்ள மின்சைக்கிள் ஒன்றை எடுத்து வைத்து, உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதியும் அளவுக்குச் சீட்டை இறக்கினார். அன்று மாலை வரை அந்த உயரத்திலேயே ஓட்டுங்கள், நாளை காலையில் இரண்டு விரற்கடை உயர்த்துங்கள், அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் என்று சொல்லி, சீட்டுத் தண்டில் பென்சிலால் கோடுகளும் போட்டுக் கொடுத்தார். கடையில் கூட்டம் காத்திருந்தபோதும் முற்றத்தில் அம்மாவை அவர் பல சுற்றுகள் ஓட்டவிட்டார். அவ்வளவு பொறுமையை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை.

பாசாவைத் தாண்டி யோகன்ஷ்டைன் நீர்மின் நிலையத்துக்குப் பிறகு வடகரையில் கார் சாலையே கிடையாத பகுதி வருகிறது. ஒரு பக்கம் செங்குத்தான காடு, மறு பக்கம் ஆறு, நடுவில் தார் போட்ட ஒற்றைத் தடம். ஷ்லோகன் என்ற இடத்தில் ஆறு கருங்கல் மலையைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய வந்த திசைக்கே திரும்புகிறது. அங்கே கரைப்பாதையும் முடிந்துவிடுவதால் படகில்தான் கடக்க வேண்டும். படகோட்டி எங்கள் சைக்கிள்களைத் தாமே தூக்கி ஏற்றி, அம்மாவைக் கைபிடித்து உட்கார வைத்த பிறகே படகை எடுத்தார்.

முகமறியாத சக பயணிகளுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அப்பாவின் முதுகுப்பையில், தமக்கு ஒரு காது கேட்காது என்பதை ஜெர்மன் மொழியில் எழுதிய அட்டையைத் தம்பி தைத்து வைத்திருந்தான். அதைப் படித்தவர்கள் மணியடித்துக்கொண்டே முந்திச் செல்லாமல், வேகத்தைக் குறைத்து, நன்றாக விலகி, அவர் கண்ணில் படும்படி இடப்பக்கமாக வந்து கையசைத்துவிட்டுக் கடந்தார்கள். பந்தயச் சைக்கிளில் கூட்டமாக வந்த இளைஞர்களும் அப்படியே செய்தார்கள். சில ஊர்களில் பாதை கார் ஓடும் தெருக்களோடு கலக்கும் இடங்களில், முன்பின் தெரியாத ஒரு தம்பதியர் அப்பாவுக்கு ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகத் துணை வந்து, மறுபடி ஆற்றங்கரை சேர்ந்ததும் விடைபெற்றார்கள்.

லின்ஸ் நகரைக் கடந்து மவுத்தவுசனுக்கு வந்தபோது, அங்கிருந்த நாஜி வதைமுகாமின் நினைவிடத்தைப் பார்க்காமல் போவதில்லை என்பதில் அப்பா உறுதியாக இருந்தார். ஆனால் நினைவிடமோ செங்குத்தான ஏற்றத்தின் மேலே இருக்கிறது. நாங்கள் தங்கிய விடுதியின் உரிமையாளர் சைக்கிள்களைத் தம் கொட்டகையில் வைக்கச் சொல்லிவிட்டு, தம் காரில் எங்களை மேலே கொண்டுபோய் விட்டார். பணம் வாங்க மறுத்துவிட்டார். 1938 ஆகஸ்டில், ஆஸ்திரியாவை நாஜிகள் இணைத்துக்கொண்ட சில மாதங்களிலேயே, அங்குள்ள கருங்கல் குவாரிக்காக அந்த வதைமுகாம் அமைக்கப்பட்டது. மவுத்தவுசனிலும் அதன் கிளை முகாம்களிலுமாக அடைக்கப்பட்ட சுமார் 1,90,000 பேரில் குறைந்தது 90,000 பேர் உயிரிழந்தார்கள். குவாரியிலிருந்து மேலேறும் 186 படிகளில் கைதிகள் பாறைத் துண்டுகளைச் சுமந்து ஏற வேண்டியிருந்தது. வழியிலேயே விழுந்து இறந்தவர்கள் ஏராளம். எங்களுக்கு விளக்கம் சொன்ன வழிகாட்டியான இளைஞர், அப்பாவின் நிலையை அறிந்ததும் ஒவ்வொரு இடத்திலும் அவருடைய இடப்பக்கம் வந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்தே பேசினார். அப்பா கேட்ட கேள்விகளுக்காகக் குறித்த நேரத்தைத் தாண்டியும் நின்றார். அந்தப் படிகளைக் கட்டிய கைகள் யாருடையவை, அந்தக் கற்கள் எங்கே போயின என்றெல்லாம் அப்பா கேட்டார். எதையும் மழுப்பாமல் அந்த இளைஞர் பதில் சொன்னார். தங்கள் ஊரின் மிகக் கொடிய பக்கத்தைத் தங்கள் விருந்தினருக்கு இவ்வளவு நேர்மையாக எடுத்துச் சொல்பவர்கள் மீது எங்களுக்குப் பெரும் மரியாதை ஏற்பட்டது.

கிரைன் ஊருக்கு எதிர்க்கரையில் தம்பியின் பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பிகள் இரண்டு அறுந்து, ரிம் கோட்டமாகிப் பிரேக்கில் உரசத் தொடங்கியது. அது ஞாயிற்றுக்கிழமை, கடைகள் எல்லாம் மூடியிருந்தன. தோட்டத்தில் வேலையாக இருந்த ஒரு முதியவர் எங்களை அழைத்து, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, தம்மிடம் இருந்த பழைய கம்பிகளிலிருந்து அளவு பார்த்து இரண்டை எடுத்துப் பொருத்தி, கம்பிகளை இறுக்கும் நிப்பிள் ஒவ்வொன்றையும் கால் சுற்று கால் சுற்றாக முறுக்கிக் கோட்டம் எடுத்துத் தந்தார். அவருடைய மனைவி எங்களுக்குச் சாப்பாடு போட்டார். அந்தச் சக்கரம் வியன்னா வரை ஒரு தொந்தரவும் தரவில்லை. பெர்சன்பாய்க் அணைக்கட்டின் மேலே சைக்கிளில் ஆற்றைக் கடந்து மெல்க் மடத்துக்கும் போனோம். 1089 முதல் பெனடிக்ட் சபைக் கிறித்தவத் துறவிகள் வாழும் அந்த மடத்தின் நூலகத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மெல்க் முதல் கிரெம்ஸ் வரை உள்ள வாஹாவ் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. சாந்து பூசாமல் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்களுக்கு மேலே அடுக்கடுக்காகத் திராட்சைத் தோட்டங்கள். கீழே ஆற்றை ஒட்டி ஆப்ரிகாட் மரங்கள். வில்லன்டார்ஃபில் 1908ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 30,000 ஆண்டுப் பழைமையுள்ள, பதினொரு சென்டிமீட்டர் உயரச் சுண்ணாம்புக்கல் பெண்ணுருவத்தின் இடத்தைப் பார்த்துவிட்டு வரும் வழியில், ஒரு தோட்டத்துப் பாட்டி அம்மாவை நிறுத்தி, பழத்தின் நடுக்கோட்டில் இரு கட்டைவிரல்களையும் வைத்துப் பிளந்தால் கொட்டை தனியே கழன்று வருவதைக் காட்டி, ஒரு பை நிறையக் கொடுத்தார்.

ஷ்பிட்ஸ் ஊரிலிருந்து ஆர்ன்ஸ்டார்ஃபுக்குக் கடக்கும் படகுக்கு மோட்டார் கிடையாது. ஆற்றின் குறுக்கே உயரத்தில் கட்டிய கம்பிவடத்தோடு படகு பிணைக்கப்பட்டிருக்கிறது; சுக்கானைத் திருப்பிப் படகைச் சாய்வாக நிறுத்தினால், கீழ்நோக்கி ஓடும் நீரே அதைப் பக்கவாட்டில் தள்ளி அக்கரை சேர்க்கிறது. அதன் பணியாளர் அப்பாவைச் சுக்கானுக்கு அருகில் அழைத்து, படகு திரும்பும் கோணத்தையும் மேலே உருளும் கப்பியையும் காட்டி விளக்கினார். காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்த அப்பா அதைப் பார்த்து அடைந்த மகிழ்ச்சிக்காகவே அவருக்குத் தனி நன்றி. பிறகு ரோஸாட்ஸிலிருந்து மீண்டும் வடகரை கடந்து, இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு 1192ஆம் ஆண்டின் இறுதியில் சிறை வைக்கப்பட்ட டூர்ன்ஸ்டைன் கோட்டையின் இடிபாடுகளைக் கண்டோம்.

கட்டி முடித்தும் 1978 நவம்பர் மக்கள் வாக்கெடுப்பால் ஒருநாளும் இயக்கப்படாத ஸ்வென்டன்டார்ஃப் அணுமின் நிலையத்தைக் கடந்து டுல்ன் சேர்ந்தோம். அங்கே ரோமானியர் கட்டிய கோபுரம் ஆற்றங்கரையில் இன்னும் நிற்கிறது. அதனருகே சந்தித்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், அப்பாவின் குறிப்பேட்டை வாங்கி, தமக்குத் தெரிந்ததை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதியும் வரைந்தும் காட்டினார். ரோமப் பேரரசின் எல்லையாக இந்த ஆறு இருந்ததையும், அந்த எல்லைக் காவலரண்கள் 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததையும், பிற்காலத்தில் கோபுரம் கிடங்காகப் பயன்பட்டதால்தான் இடியாமல் தப்பியது என்பதையும் அவர் எழுதிய பக்கங்கள் அப்பாவிடம் இருக்கின்றன.

வியன்னாவில் எங்கள் நான்கு சைக்கிள்களையும் ரயிலில் ஏற்ற உதவிய ரயில் ஊழியர்களுக்கும், படுக்கை ஒழுங்கு செய்து சைவ உணவும் தேடித் தந்த விடுதிக்காரர்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. முகவரி தெரிந்தவர்களுக்கு நாங்கள் எடுத்த படங்களை அச்சிட்டு அம்மாவின் கையெழுத்துடன் அஞ்சலில் அனுப்பியிருக்கிறோம். கோட்டம் எடுத்துத் தந்த பெரியவரும், ஆப்ரிகாட் கொடுத்த பாட்டியும், அப்பாவுக்கு முன்னும் பின்னும் வந்த தம்பதியரும் பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்கள். அவர்களை அறிந்தவர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், எங்கள் நால்வரின் வணக்கத்தையும் அன்புகூர்ந்து அவர்களிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
குடும்பத்தார் சார்பில் மகள்